ஓராண்டின் வாசிப்பு நோன்பு

ஆண்டு பிறக்கும்பொழுது ஏதேனும் ஒரு சங்கற்பஞ் செய்துகொள்ளுதல் பலருக்கு வழக்கம். அதிகாலையில் எழுவேன் என்பார் ஒருவர். வெற்றிலையை விடுவேன் என்பார் மற்றொருவர். வீட்டுச் செலவுக் கணக்கை ஒழுங்காக எழுதுவேன் என்பார் இன்னொருவர். தைப்பொங்கல் வரையில் இவை உயிரோடிருப்பதுண்டு. மாசிப் பனியோடு மறைந்து போவதுமுண்டு. அண்மைக் காலத்தில் இவ்வரிசையிலே வாசிப்புச் சங்கற்பமும் வந்து சேர்ந்திருக்கின்றது. ஆண்டுக்கு 52 வாரங்கள். வாரத்துக்கு ஒன்றாக 52 நூல்களைப் படித்து முடிப்பேன் என்று உலகின் பல பாகங்களிலும் பலர் தமக்குத் தாமே பந்தயங் கட்டிக்கொள்கின்றனர். எம் மாணாக்கரிடையேயும் இவ்வழக்கம் பரவி வருகின்றது.

கணிதம் கற்பிப்பவன் ஆதலால் எனக்கு எண்களோடு பகையில்லை. ஆயினும் 2024 ஆம் ஆண்டு பிறந்தபோது எண்ணிக்கையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, வகையை நோக்கி நான்கு பணிகளை மேற்கொண்டேன். மிக நீண்ட தமிழ் நூல் ஒன்றை முதலிலிருந்து முடிவுவரை படித்தல் முதலாவது. சிங்களக் கதைநூல் ஒன்றைச் சிங்களத்திலேயே படித்தல் இரண்டாவது. பழைய தமிழ்ப் பதிப்பாசிரியர் ஒருவர் எழுதிய முகவுரைகளை மாத்திரம் தேடிப் படித்தல் மூன்றாவது. உலகப் பெருநாவல் ஒன்றை நாளுக்கோர் அத்தியாயமாகப் படித்தல் நான்காவது.

இவற்றோடு ஒரு நிபந்தனையுஞ் சேர்த்துக்கொண்டேன். எனக்கெனப் புதிய நூல் எதனையும் இவ்வாண்டில் விலைகொடுத்து வாங்குவதில்லை என்பதே அது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே கடதாசிக்கே பஞ்சம் வந்ததையும், மேல்மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டதையும் வாசகர் மறந்திரார். அதன்பின் நூல்களின் விலை மாதச் சம்பளக்காரரின் கைக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றுவிட்டது. ஆகவே வீட்டு அலுமாரி, கல்லூரி நூலகம், ஊர்ச் சனசமூக நிலைய வாசிகசாலை, நண்பர் வீட்டுப் பெட்டி ஆகியவற்றையே நம்பி இறங்கினேன். ஆண்டு முடிந்து கணக்குப் பார்க்கும் இவ்வேளையில், அந்த நான்கு பணிகளும் எனக்கு உணர்த்திய ஒன்றை வாசகரோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

நாளொன்றுக்கு 30 செய்யுள்

முதற் பணிக்குக் கச்சியப்ப சிவாசாரியர் பாடிய கந்தபுராணத்தைத் தெரிந்துகொண்டேன். ஆறு காண்டங்கள், 10,345 செய்யுட்கள். யாழ்ப்பாணத்தில் அதன் பெயரைக் கேளாதார் இலர். முழுவதையும் படித்தவரைத் தேடினால், என் அறிமுகத்தில் இருப்பவர் ஒரு கைவிரலுக்குள் அடங்குவர்.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நாளொன்றுக்கு 30 செய்யுளாக 344 நாட்கள் படித்தால் 10,320 செய்யுட்கள் முடியும். 345 ஆம் நாளுக்கு எஞ்சுவன 25. அவ்வாண்டின் தையும் மாசியும் இணையும் பெப்ரவரிக்கு 29 நாட்கள். ஆண்டுக்கு 366 நாட்கள். எனவே காய்ச்சலுக்கும், கலியாண வீட்டுக்கும், மரண வீட்டுக்குமாக 21 நாட்கள் கையிருப்பில் இருந்தன. மலைபோலத் தோன்றிய நூல் மாலைநேரத்து ஒரு மணித்தியாலமாகச் சுருங்கிவிட்டது.

எங்கள் கோயில்களிலே புராண படனம் என்பது தொன்றுதொட்டு வரும் வழக்கம். ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். பின்பு சந்தி பிரித்துச் சிறுசிறு தொடர்களாக எடுத்துக் கொடுப்பார். மற்றொருவர் பயன் சொல்லுவார். ஊரார் சூழ்ந்திருந்து கேட்பர். எழுத்தறியாத கமக்காரனும் வீரபாகுவின் தூதையும் சூரபன்மனின் செருக்கையும் அறிந்திருந்தது இவ்வாறே. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணத்து வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் என்று குறித்தார்கள். அக்கலாசாரத்தைத் தாங்கி நின்றது பெரும்பாலும் செவியே.

அந்த ஏற்பாட்டைத்தான் எங்கள் வீட்டு விறாந்தைக்குக் கொண்டுவந்தேன். என் தாயாருக்கு வயது 74. இரு கண்களிலும் புரை படர்ந்து, அச்செழுத்து அவருக்குக் கறுப்புக் கோடாகத் தோன்றத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. நாள்தோறும் செய்தித்தாளை வரிவிடாமற் படித்தவர், அதனை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வீதியைப் பார்த்திருப்பதைக் காண எமக்கு வருத்தமாக இருக்கும். ஆகவே நான் வாசிப்பவன் ஆனேன். எட்டாம் வகுப்பிற் படிக்கும் என் மகள் கேட்பவள் ஆனாள். பயன் சொல்லும் ஆசனம் தாயாருக்குரியதாயிற்று. கடினமான இடங்களுக்கென உரைநூலொன்று என் பக்கத்தில் இருக்கும். அதனை விரிக்குமுன்னரே பெரும்பாலும் அவர் பயனைச் சொல்லி முடித்துவிடுவார். சிறுமியாகக் கோயில் மண்டபத்துத் தூணோடு சாய்ந்திருந்து கேட்டவை, அறுபது ஆண்டுகளின்பின் ஒவ்வொன்றாக வெளிவந்தன.

“தம்பி, மூச்சு விடுகிற இடம் அது இல்லை, அடுத்த சொல்லோடை சேர்த்து வாசி” என்பார். சேர்த்து வாசித்தால் பொருள் தானாகத் துலங்கும். அச்சிலே கண்ணால் ஓடும்பொழுது புலப்படாத சந்தியும் சீரும் வாயால் ஓதும்பொழுது புலப்படுவதை அன்றாடம் கண்டேன்.

இந்நூலின் அரங்கேற்றம்பற்றிச் செவிவழிக் கதையொன்று உண்டு. முதற் செய்யுளின் முதற் சீரிலே வரும் புணர்ச்சிக்கு இலக்கணவிதி யாதென்று காஞ்சிபுரத்துக் குமரகோட்டத்திலே புலவரொருவர் தடைநிகழ்த்தினார் என்றும், மறுநாள் வந்த ஒருவர் வீரசோழியம் என்னும் இலக்கண நூலைக் காட்டி அத்தடையை நீக்கினார் என்றும் கூறுவர். கதை எவ்வாறாயினும் ஆகுக. ஒரு சொல் மற்றொரு சொல்லோடு சேரும் இடத்தை ஒரு சபை முழுவதும் காதுகொடுத்துக் கேட்டது என்னும் எண்ணமே அதில் எனக்கு இனிக்கின்றது. அந்த வீரசோழியத்தை 1881 ஆம் ஆண்டிலே அச்சேற்றியவர் எங்கள் சிறுப்பிட்டியைச் சேர்ந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள். அவரைப் பின்னே சந்திப்போம்.

ஆவணி மாதத்திலே தாயாருக்குக் கண்சத்திரசிகிச்சை நடைபெற்றது. அப்பொழுது யுத்த காண்டத்தின் நடுவே இருந்தோம். சிகிச்சைக்கு முதல்நாள் மாலை, “நாளைக்கு வாசிப்பை நிற்பாட்டாதை, ஆசுப்பத்திரியாலை வந்து பிள்ளையிட்டைக் கேட்பன்” என்று பணித்துவிட்டே போனார். அன்றைய முப்பதையும் மகள் கேட்டுவைத்து, மறுநாள் கட்டிலருகே அமர்ந்து அப்பம்மாவுக்குப் பயன் சொன்னாள். ஆசனம் இவ்வாறு ஒருநாள் கைமாறியது. சில வாரங்களில் பார்வை தெளிந்தது. செய்தித்தாளை அவர் தாமே படிக்கத் தொடங்கினார். இனி நூலை அவரிடமே கொடுத்துவிடலாம் என்று நீட்டினேன். அவர் வாங்கவில்லை. “கண் வந்தது பேப்பருக்கு. புராணம் கேட்கிறதெல்லோ, தம்பி” என்றார். ஆகவே வாசிப்புத் தொடர்ந்தது.

பரீட்சை விடைத்தாள் திருத்தத்துக்காகக் கொழும்பு சென்றது, காய்ச்சலிற் கிடந்தது, உறவினர் வீட்டு மரணச் சடங்கு என 17 நாட்கள் தவறின. 27-12-2024 அன்று வள்ளியம்மை திருமணப் படலத்தின் கடைசி 25 செய்யுட்களையும் வாசித்து முடித்தோம். திருமணமென்றால் வெறும் வாயோடு போகலாமா என்று தாயார் சர்க்கரைப் புக்கை பொங்கினார். அயலவர் நால்வர் வந்து கேட்டனர்.

தீவுக்குச் சென்ற சிறுவர்

இரண்டாம் பணிக்கு மார்ட்டின் விக்கிரமசிங்க அவர்கள் 1947 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மடொல் தூவ’ என்னும் நூலை எடுத்துக்கொண்டேன். தென்னிலங்கையில் அதனைப் படிக்காத பிள்ளை அரிது. தாயை இழந்த உபாலி என்னும் சிறுவனும் அவன் தோழன் ஜின்னாவும் வீட்டைவிட்டு ஓடுகின்றனர். பேய் உலவுகின்றதென்று ஊரார் அஞ்சும் தீவொன்றிலே காடு வெட்டிப் பயிர் செய்து வாழ்கின்றனர். கதை நிகழும் இடம் காலி மாவட்டத்துக் கொக்கலை வாவி. இந்நூல் தமிழிலும் வந்திருக்கின்றது. எனினும் எழுத்துக்கூட்டியேனும் மூலத்தைப் படிப்பது என்று துணிந்தேன்.

காலிப் பகுதியிலிருந்து வந்து எம்மூர் வங்கியொன்றிலே பணிபுரியும் இளைஞர் ஒருவர் எங்கள் ஒழுங்கையில் வாடகைக்கு இருக்கின்றார். தமிழ் கற்க அவருக்கு விருப்பம். எனவே இருவரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டோம். சனிக்கிழமைதோறும் மாலையில் நான் ‘மடொல் தூவ’வில் இரண்டு பக்கம் அவருக்கு வாசித்துக் காட்டவேண்டும், அவர் என் மகளின் பழைய இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பாடம் எனக்கு வாசித்துக் காட்டவேண்டும். தேநீர் எங்கள் வீட்டுப் பொறுப்பு.

ஒருநாள் அவர் கேட்ட கேள்வி என்னைச் சற்றே நிறுத்தியது. “சேர், எங்களுக்கு ‘க’வுக்கும் ‘ga’வுக்கும் வேறு வேறு எழுத்து இருக்கிறது. நீங்கள் ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிக்கிறீர்கள்?” என்றார். சொல்லின் முதலில் ஓர் ஒலி, மெல்லினத்தின்பின் மற்றோர் ஒலி, உயிர்களின் நடுவே வேறோர் ஒலி என்று ‘கடல்’, ‘தங்கம்’, ‘அகம்’ ஆகிய சொற்களைக் காட்டி விளக்கினேன். நாற்பது ஆண்டுகளாக நான் பேசிவரும் மொழியின் ஒழுங்கை மற்றொருவர் கேட்டதனால் வாய்விட்டு எடுத்துரைக்கும் வாய்ப்புக் கிடைத்தது. மறுபுறத்தில், அவர் மொழியிலே அக்கா, கடே, சல்லி, குலிய என்று எங்கள் வீட்டுச் சொற்கள் எதிர்ப்பட்டபோதெல்லாம் பரிச்சயமான முகங்களைச் சந்தையிற் கண்டதுபோல இருந்தது.

கொக்கலை வாவியை அவர் நேரிற் கண்டவர். நூலில் ஒரு வரியில் வந்து போகும் நீர்ச்செடியையும் மீனையும் அவர் கையால் வரைந்து காட்டுவார். எங்கள் பண்ணைக் கடலோரத்துக் கண்டல்மரங்களை நான் காட்டினேன். இரு பக்கத்தோடு ஒரு மாலை கழிந்தமையால் நூல் மெல்லவே நகர்ந்தது. ஐப்பசியில் முடிந்தது. என் சிங்கள உச்சரிப்பு இன்னும் நொண்டுகின்றது என்பது அவர் தீர்ப்பு. அவருடைய ‘ழ’கரம் இன்னும் வழுக்குகின்றது என்பது என் மகளின் தீர்ப்பு. ஆயினும் ஒரே தீவில் வாழ்பவர் ஒருவரையொருவர் அறிய இரண்டாம் வகுப்புப் புத்தகமும் ஒரு கோப்பைத் தேநீரும் போதிய தொடக்கம் என்பதை அச்சனிக்கிழமைகள் காட்டின.

முகவுரைகளிற் கண்ட வரலாறு

நூலை வாங்கினால் முகவுரையைத் தாண்டிச் செல்வோர் பலர். தாமோதரம்பிள்ளை அவர்களின் பதிப்புகளுக்கு அவ்விதி பொருந்தாது. அவற்றின் முகவுரைகளே தனியாகப் படிக்கத்தக்கவை. 1832 ஆம் ஆண்டிலே பிறந்த அவர், வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். அரசாங்கக் கணக்குப் பகுதியில் உத்தியோகம் பார்த்து, பின்னர் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் விளங்கினார். பகலெல்லாம் கணக்கேடு, இரவெல்லாம் ஏட்டுச் சுவடி. தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையோடு 1868 இலும், பொருளதிகாரம் நச்சினார்க்கினியர் உரையோடு 1885 இலும், கலித்தொகை 1887 இலும் அவர் முயற்சியால் வெளிவந்தன. சாமிநாதையர் அவர்களின் சீவகசிந்தாமணிப் பதிப்பும் அதே 1887 இலேயே வெளிவந்தது என்பதை நினைக்கும்போது அவ்வாண்டு தமிழுக்கு எத்துணைப் பேறுடையது என்பது விளங்கும்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் உயர்தர வகுப்பு மாணவர்க்குக் கணக்கு ஏறாது. அவர்கள் மனம் மணியோசையிலேயே இருக்கும். அவ்வேளையில் இருபது நிமிடங்களை இம்முகவுரைகளுக்கு ஒதுக்கினேன். பழைய நடை அவர்களுக்குக் கடினமாயிருந்தமையால் பத்தி பத்தியாக வாசித்து எளிய தமிழிற் சொல்லிவந்தேன். ஏட்டைக் கட்டவிழ்க்கும்போதே ஓரம் உதிர்வதும், ஒற்றையைப் புரட்டும்போதே அது முறிவதும், எஞ்சிய எழுத்திலும் பூச்சி துளைத்திருப்பதும் அவர் எழுத்திலே கண்முன் நிற்கும். தேடித் திரட்டும் பிரதிகளும் ஒன்றோடொன்று ஒவ்வா. தாம் இப்பொழுது அச்சேற்றாவிட்டால் இந்நூல்கள் மீளமாட்டா என்னும் பதைப்பை அவ்வெழுத்தில் யாரும் உணரலாம்.

மூன்றாம் வாரத்திலே ஒரு மாணவன் துணியிற் சுற்றிய பொதியொன்றைக் கொண்டுவந்தான். அவன் பூட்டனார் பரிகாரியாராம். வீட்டுப் பரணிலே கிடந்த வாகடச் சுவடி அது. வகுப்பு முழுவதும் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டது. கயிற்றைத் தளர்த்தியபோது ஓர் ஏட்டின் நுனி மேசைமீது உதிர்ந்தது. ஒருவரும் பேசவில்லை. முதல் வாரம் முகவுரையிற் கேட்டது கண்ணெதிரே நிகழ்ந்தது. அடுத்த வாரம் முழுவதும் மதிய இடைவேளைகளில் மாணவர் நால்வர் அச்சுவடியை ஏடுஏடாகத் தத்தங் கைத்தொலைபேசியிற் படம்பிடித்தனர். விளையாட்டுக்கென்றே அவர்கள் வைத்திருந்த கருவி அது. படங்களை ஒழுங்குபடுத்தி, நூற்பாதுகாப்பில் அறிவுள்ள பெரியவரொருவரிடம் சுவடியையும் காட்டினர்.

நூல்கள் அழிந்த கதையை யாழ்ப்பாணத்தாருக்கு எவருஞ் சொல்லவேண்டியதில்லை. 1933 ஆம் ஆண்டிலே க. மு. செல்லப்பா அவர்களின் முயற்சியாய் அரும்பி, 1959 இல் அழகிய கட்டிடங் கண்ட பொது நூலகம் 1981 இலே எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. பிற்காலத்திலே கட்டிடம் மீண்டெழுந்தது. 2005 முதல் நூலகத் திட்டத்தினர் ஈழத்து நூல்களை மின்வடிவிலே சேர்த்துவருகின்றனர். ஆனால், காப்பாற்றிய நூலை எடுத்துப் படிக்க ஆளில்லையெனின், கறையானும் தீயும் செய்யத் தவறியதை மறதி செய்து முடித்துவிடும். படம்பிடித்த அந்நால்வருள் ஒருவன் ஏட்டெழுத்தைப் படிக்கப் பழகத் தொடங்கியிருக்கின்றான். அவ்வாண்டு எனக்குக் கிடைத்த நற்செய்திகளுள் அதுவும் ஒன்று.

வெள்ளைத் தொப்பி மனிதர்

நான்காம் பணி தோல்ஸ்தோயின் பெருநாவல். டி. எஸ். சொக்கலிங்கம் அவர்கள் அதனைப் ‘போரும் வாழ்வும்’ என்னும் பெயரிலே தமிழாக்கியிருக்கின்றார். மூலத்திலே 361 அத்தியாயங்கள் உள்ளமையால், நாளுக்கொன்றாக ஓராண்டில் முடிக்கலாம் என்பது உலகத்து வாசகர் பலர் கைக்கொள்ளும் கணக்கு. கந்தபுராணத்தின் கணக்கை ஒத்ததே இதுவும். விளைவு மாத்திரம் வேறாயிற்று.

இதனை இரவிலே தனியே படித்தேன். அவுஸ்டர்லிற்சுப் போர்க்களத்தில் இளவரசர் அந்திரேய் காயமுற்று மல்லாந்து கிடந்து, மேலே விரிந்த வானத்தைக் காணும் இடம் வரையில் இடையறாது சென்றது. அக்காட்சியைப் படித்த இரவில் நெடுநேரம் உறங்கவில்லை. ஆனால் மறுநாள் அதனைச் சொல்ல யாருமில்லை. சித்திரையிற் பரீட்சை வேலை மிகுந்தது. ஒருநாள் விட்டால் கேட்பாரில்லை. ஒரு வாரம் விட்டாலும் கேட்பாரில்லை. உருசியப் பெயர்களோ, பழகாதிருந்தால் ஒவ்வொன்றாக விடைபெற்றுச் செல்லும் இயல்பின. நூல் மேசையிலே உறங்கியது.

புரட்டாதியில் என் மகள் அதன் அட்டையைப் பார்த்து, “அப்பா, இதிலை என்ன கதை?” என்று வினவினாள். நத்தாஷா முதன்முதலாக நடனத்துக்குச் சென்ற இரவைச் சொன்னேன். மறுநாள் சோற்றுக்கோப்பையோடு வந்து அமர்ந்து, “பிறகு?” என்றாள். அந்த ஒரு சொல்லால் நூல் விழித்துக்கொண்டது. அன்றுமுதல் இரவிற் படித்ததை மறுநாள் இராப்போசன வேளையிற் சொல்லவேண்டியதாயிற்று. சொல்லவேண்டியிருந்தமையால் பெயர்களும் மறக்கவில்லை; குடும்பங்களை வரைந்து குசினிச் சுவரில் ஒட்டியும் வைத்தோம். மார்கழி 31 ஆந் திகதி இரவு, 1812 ஆம் ஆண்டின் போரொடினோப் போர்க்களத்தை அடைந்தோம். பச்சை மேலங்கியும் வெள்ளைத் தொப்பியும் அணிந்துகொண்டு, போரை வேடிக்கை பார்க்கவந்தவர்போலப் பியேர் அங்கே அலைந்து திரிகின்றார். “இவருக்கு அங்கை என்ன வேலை?” என்பது மகளின் கேள்வி. ஆண்டு முடிந்தது, போர் முடியவில்லை. இன்னும் படித்துக்கொண்டிருக்கின்றோம்.

எண்ணும் வகையும்

மாணவி ஒருத்தி தன் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். ஆண்டு முழுவதும் படித்த நூல்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன, மொத்தம் 61. “சேர், நீங்கள் எத்தனை?” என்று ஆவலோடு கேட்டாள். நான் மேற்கொண்ட நான்கையும், அவற்றில் முடிந்தவை மூன்று என்பதையும் சொன்னேன். அவள் முகத்திலே பரிவு தோன்றியது.

எண்ணிக்கையை இகழ்தல் என் நோக்கமன்று. பதினாறு வயதிலே பலவற்றைப் படித்தலே முறை. இளம்பிராயத்திற் பல தெருக்களிலும் நடந்தால்தான் எந்த வீட்டுக்கு மீளவேண்டும் என்பது தெரியவரும். அவள் பட்டியலைப் பார்த்துக்கொண்டே, “இவற்றுள் எதனையாவது யாருக்காவது சொல்லியிருக்கிறீரா?” என்று வினவினேன். சற்று யோசித்து, மூன்று நூல்களின் பெயரைச் சொன்னாள். தம்பிக்குக் கதையாகச் சொன்னவை அவை. அம்மூன்றையும்பற்றிக் கேட்டபோது அவள் கண்கள் ஒளிவிட, நிகழ்ச்சி நிகழ்ச்சியாக விவரித்தாள். மற்றவற்றிற் பலவற்றுக்குப் பெயரும் அட்டையின் நிறமுமே நினைவில் இருந்தன. நான் ஒன்றுஞ் சொல்லவில்லை. அவளே கொப்பியை வாங்கி, அம்மூன்று பெயர்களின் எதிரே சிறு புள்ளிகள் இட்டுக்கொண்டாள்.

என் நான்கு பணிகளும் உணர்த்தியதும் அதுவே. புராணத்துக்குத் தாயார் காத்திருந்தார். சிங்கள நூலுக்குச் சனிக்கிழமை நண்பர் காத்திருந்தார். முகவுரைகளுக்கு வகுப்புக் காத்திருந்தது. காத்திருக்க ஒருவருமில்லாத வரையில், உலகம் போற்றும் பெருநாவலும் மேசையில் உறங்கியது. ஒரு சிறுமி ‘பிறகு?’ என்று கேட்டதும் அதுவும் எழுந்து நடந்தது. சங்கற்பத்தைக் காப்பது மனத்திண்மை மாத்திரமே என்று எண்ணுகின்றோம். காத்திருக்கும் செவியொன்று அத்திண்மையிற் பாதியைச் சுமந்துகொள்கின்றது. வாசிப்பவர், பயன் சொல்பவர், கேட்பவர் என மூவரை ஒரு நூலைச் சுற்றி அமர்த்திய எம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர்.

வீட்டாருக்கும் மாணாக்கருக்கும்

ஒக்டோபர் மாதத்தைத் தேசிய வாசிப்பு மாதமெனக் கொண்டாடுகின்றோம். கண்காட்சியும் போட்டியும் பேச்சும் நிகழ்கின்றன. அவை வேண்டியவையே. எஞ்சிய 11 மாதங்களுக்கும் பெருஞ் செலவின்றி வீட்டிலே செய்யத்தக்கவை சில உண்டு.

முதலில் நூலை அளந்துகொள்ளுங்கள். பக்கத்தையோ செய்யுளையோ நாட்களாற் பிரித்தால் எப்பெரிய நூலும் ஒரு மாலைக்குரிய அளவாகும். பிரிக்கும்போது இருபது நாட்களையேனும் கையிருப்பாக விடுங்கள். வாழ்க்கை அந்நாட்களைத் தவறாது வந்து வாங்கிக்கொள்ளும். அடுத்து, கேட்பவர் ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். வீட்டிலே கண்பார்வை குன்றிய முதியவர் இருப்பின் அவரைவிடச் சிறந்தவர் வேறில்லை. அவர்கள் கேட்பவராக மாத்திரம் இரார். நூலில் இல்லாத உரையையும் உங்களுக்குத் தருவார்கள். பிள்ளைகள் உரத்து வாசிக்கட்டும். பரீட்சைக்குப் படிக்கும் மாணவரும் நாளொன்றுக்கு அரை மணித்தியாலம் இதற்கு ஒதுக்கினால், பாடத்துக்குக் குறைவு நேராது. நீண்ட வாக்கியத்தின் முடிவுவரை மனத்தைச் செலுத்தும் பழக்கம் விடைத்தாளிலும் துணை நிற்கும். ஆண்டிலே ஒரு நூலேனும் மற்றைய மொழியாருடைய நூலாக இருக்கட்டும். மூலத்திற் படிக்க இயலாதெனின் மொழிபெயர்ப்பும் நன்றே.

வாசிகசாலைகளின் மேசைகள் மாலைவேளைகளில் வெறிதாய்க் கிடக்கின்றன. அலுமாரிக் கதவின் திறப்புக்கு யாரிடம் கேட்பது என்று தேடவேண்டிய இடங்களும் உண்டு. சென்று கேளுங்கள், கேட்பவர் இருந்தால் திறப்பும் அதற்குரிய இடத்தில் இருக்கும்.

இவ்வாண்டுக்கு எங்கள் வீட்டில் மணிமேகலையைத் தெரிந்திருக்கின்றோம். முப்பது காதைகள், பத்து நாளுக்கொரு காதையாகக் கொண்டால் 300 நாட்களில் முடியும். சனிக்கிழமை நண்பர் தமிழில் மூன்றாம் வகுப்புப் புத்தகத்துக்கு ஏறியிருக்கின்றார். 61 நூல் படித்த மாணவி இம்முறை 12 நூல்களே குறித்திருக்கின்றாள். ஒவ்வொன்றின் எதிரேயும் அதனை யாருக்குச் சொல்லப்போகின்றாள் என்று ஒரு பெயரும் எழுதியிருக்கின்றாள். நான்காம் நூலின் எதிரே என் பெயர் இருக்கின்றது. அது எந்த நூல் என்பதைப் பங்குனி மாதம் வரையில் சொல்லமாட்டாளாம்.